எங்கள் வாசக்கால் மரத்துப் பூச்சி

அன்றைக்கு அங்கே இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான். மாட்டைக் கட்டிவிட்டு வெறும் கயிற்றோடு நின்றிருந்தேன்.

என் ஊட்டுக்காரி. வயிற்றில் ஐந்தாம் மாதம்.

அண்ணன். வீட்டுக்குப் பெரியவர். எங்கள் வீட்டில் பேசுகிறவர் அவர்தான். மற்றவர்கள் தலையாட்டுகிறவர்கள்.

நங்கையா. அண்ணன் சம்சாரத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். முறத்தோடு நின்றாள்.

ஆசாரி. எங்கள் புது வீட்டுக்கு வாசக்கால் செய்ய வந்தவர். உளியைத் தீட்டிக்கொண்டே இருப்பார். எந்த வேலையானாலும் பாதி நாள் தீட்டுவதிலேயே போகும்.

ஜீப் டிரைவர். பாலக்காட்டு மலையாளி. தலை நரைத்தவர்.

பேராசிரியர். அவரும் பாலக்காட்டுக்காரர்தான். கல்பாத்தி அக்கிரகாரத்துத் தமிழ். பூச்சி படித்தவர்.

அப்புறம் ஒரு வேப்ப மரம், வாசக்காலுக்கென்று கோடாலியால் வெட்டிப் படுக்க வைத்தது. பூச்சியை நான் சேர்க்கவில்லை. அது அங்கே இருப்பது அப்போது யாருக்கும் தெரியாது.

எழுபதுகளின் நடுவில் ஒரு ஐப்பசி. எங்கள் தோட்டம் கேரள எல்லையில் இருக்கிற கோபாலபுரத்துக்கு இந்தப் பக்கம். செக்போஸ்டில் நிற்கிற லாரிகளின் ஆரன் சத்தம் தோட்டம் வரைக்கும் கேட்கும். பேராசிரியர் மூணாறில் தேயிலைக் குச்சியைத் துளைக்கிற ஏதோ பூச்சியைப் பார்த்துவிட்டு, உடுமலை பொள்ளாச்சி வழியாக ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் ஜீப்புக்குத் தாகம் எடுத்தது.

ஜீப் தோட்டத்துக்குள் நுழைந்ததும் அண்ணனுக்கு முகம் மாறிவிட்டது. அந்த வருஷங்களில் ஜீப் வந்தால் நிலச் சட்டத்துக்காரர்கள் என்று அர்த்தம். உச்ச வரம்புக்கு மேலே இருக்கிறதா என்று அளந்து பார்ப்பார்கள். அண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினார்.

"வாங்க, வாங்க. எங்களுது கம்மி நெலமுங்க. எல்லாம் சட்டத்துக்கு உள்ளதானுங்க இருக்குது."

பேராசிரியர் விழித்தார். "கொஞ்சம் ஜலம் கிடைக்குமோ? ரேடியேட்டர் கொதிக்கறது."

நான் தண்ணீர் இறைத்துக் கொடுத்தேன். டிரைவர் ஊற்றினார். பேராசிரியர் காலை ஆற்றிக்கொள்ள நாலு எட்டு நடந்தார். வேப்ப மரத்துப் பக்கம் வந்தவர் நின்றுவிட்டார்.

மரத்தின் பட்டையில் அங்கங்கே மாவு உதிர்ந்திருந்தது. கோதுமைத் தவிடு மாதிரி நிறம். நாங்களும் பார்த்திருந்தோம். ரம்பத்தூள் என்று நினைத்தோம். அந்த மரத்தில் இன்னும் ரம்பமே படவில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை.

அவர் அப்படியே மண்டியிட்டார். வெள்ளைப் பேண்ட். பேனாக்கத்தியை எடுத்துப் பட்டையை நெம்பினார். சட்டைப் பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடி வந்தது. எள்ளுக்கும் சின்னதாக என்னமோ ஒன்று அவர் நகத்தின் மேல் நகர்ந்தது.

"இது வேம்பா? நிச்சயமா வேம்புதானா?"

"கசக்குமுங்க. வேணும்னா கடிச்சுப் பாருங்க," என்றார் ஆசாரி. கேலிக்குத்தான் சொன்னார்.

அவர் நிஜமாகவே ஒரு துண்டுப் பட்டையை வாயில் போட்டு மென்றார். முகம் கோணியது. பிறகு சிரித்தார். அந்த மாதிரிச் சிரிப்பை நான் சந்தையில் பார்த்திருக்கிறேன். நல்ல காளை அடிமாட்டு விலைக்குக் கிடைத்தவன் சிரிக்கிற சிரிப்பு.

அடுத்துப் பையிலிருந்து ஒரு ஸ்கேலை எடுத்தார். அண்ணனுக்கு வேர்த்துவிட்டது.

"சாமி, அளக்கறதெல்லாம் எதுக்குங்க?"

"நீளம் எழுதணுமே."

"நெலத்தோடதுங்களா?"

"பூச்சியோடது."

அண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பூச்சிக்கு உச்ச வரம்பு கிடையாது என்பது அவருக்கு நிம்மதி.

பேராசிரியர் தரையில் உட்கார்ந்தபடியே சொன்னார். வேம்பில் பொதுவாக இந்தச் சாதிப் பூச்சி விழாதாம். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் குடியிருக்கிற பூச்சியாம். அவருக்குத் தெரிந்த வரைக்கும் இதை இதுவரை யாரும் எழுதி வைக்கவில்லையாம். "புது ஜந்துவாக்கும்," என்றார். "இதை நான் வர்ணிச்சு அச்சுப் போட்டாத்தான் உலகத்துக்கு இது இருக்கறதே தெரியும்."

"அதுக்கு முன்னாடி?" என்று டிரைவர் கேட்டார்.

"அதுக்கு முன்னாடி இல்லாத மாதிரிதான்."

டிரைவர் பூச்சியைப் பார்த்தார். அது நகத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது.

அண்ணன் ஒரு அடி முன்னால் வந்தார். "அப்ப, எங்க தோட்டத்துல பொறந்ததுன்னு எழுதுவீங்களா?"

"கிடைச்ச இடம் எழுதியே ஆகணும்."

அதோடு அண்ணன் குரல் மாறிவிட்டது. "ஏம்புள்ள, சாமிக்கு எளநி வெட்டச் சொல்லு" என்று என் சம்சாரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தம்பி சம்சாரத்தோடு நேராகப் பேசக் கூடாது என்பது ஞாபகம் வந்து, நங்கையாவைப் பார்த்து மறுபடியும் சொன்னார். பதற்றம் அப்படி. அன்றைக்கே பேராசிரியரை எங்கள் பழைய வீட்டு முன்னறையில் தங்க வைத்தார். ஒரு மரப்பெட்டியிலிருந்து மைக்ராஸ்கோப்பை இறக்கி மேஜையில் வைத்தார்கள்.

இங்கே என் வீட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

அண்ணனும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். எங்களுக்கு இருந்தது ஒரு பக்க அறை. அதற்குத் தனி வாசல் கிடையாது. உள்ளே போக வேண்டுமென்றால் அண்ணன் படுத்திருக்கிற கட்டிலைத் தாண்டித்தான் போக வேண்டும். என் சம்சாரம் கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கட்டிலைச் சுற்றி நடந்திருக்கிறாள். மூன்றாவது பிள்ளையைச் சொந்த வாசலுக்குள் வைத்து வளர்க்க வேண்டும் என்றாள். அவள் அதிகம் கேட்கிறவள் இல்லை. இதைக் கேட்டாள்.

கிணற்றுக்குக் கிழக்கே அஸ்திவாரம் போட்டேன். சிமெண்டுக்கு பெர்மிட் வேண்டும் என்பதால் கல்லும் மண்ணும்தான். அடுத்தது வாசக்கால். எங்கள் பக்கம் அதை நிலவு என்போம். நிலவு நின்ற பிறகுதான் சுவர் எழும்பும். வீட்டுக்காரி வயிற்றில் ஏழாம் மாதம் பிறந்துவிட்டால் நிலவு வைக்கக் கூடாது. பிள்ளை பிறந்து தீட்டெல்லாம் கழிய வேண்டும். அப்புறம் சித்திரை வெயிலில் கொத்தனார் வர மாட்டார், அதற்கப்புறம் மழை. எங்களுக்கு மார்கழி ஒன்றாம் தேதி ஏழு பிறக்கிறது. அதனால் கார்த்திகை முடிவதற்குள் வைத்தாக வேண்டும்.

இது எல்லோருக்கும் தெரியும். அண்ணனுக்கு நன்றாகவே தெரியும். தனி வாசல் வைத்தவன் அடுத்தது தனி வரப்பு கேட்பான் என்று அவருக்குப் பயம். நான் கேட்கவில்லை. கேட்காதவனைப் பார்த்துத்தான் அவருக்குப் பயம் அதிகம்.

பேராசிரியர் மூன்று நாள் தங்கினார். காலையில் குளித்து, திருநீறு பூசி, மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தால் மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். பூச்சியைச் சாராயம் மாதிரி வாசம் வருகிற ஒரு தண்ணீரில் போட்டுக் கொன்று, முக்கோணமாக வெட்டின அட்டையின் நுனியில் ஒட்டினார். அட்டை குண்டூசியில் நின்றது. பூச்சியைவிடக் கோந்து பெரியதாகத் தெரிந்தது. இந்த ஒரு பூச்சிதான் இனி சாட்சி, உலகத்தில் எங்கே இந்த மாதிரி பூச்சி கிடைத்தாலும் இதோடு வைத்துத்தான் பார்ப்பார்கள் என்றார்.

எழுதினதை அவ்வப்போது எங்களுக்குத் தமிழில் சொல்வார். யாராவது கேட்க வேண்டும் அவருக்கு.

"நிறம், கருப்பு கலந்த பழுப்பு. உருளை உடம்பு. பின்பக்கம் சரிவு. சரிவில் ரெண்டு வரிசை முண்டு முண்டா இருக்கு. கொம்போட நுனி சப்பை. நெற்றியில ஒரு குழி."

"மேல சொல்லுங்க," என்பார் அண்ணன், கதை கேட்கிற மாதிரி.

"ஒவ்வொரு முண்டுக்கும் நடுவில ஒரு மயிர்."

"ஆகா!"

எங்கள் அப்பன் நிலத்துக்கு வில்லேஜ் ஆபீசில் நான்கெல்லை எழுதியிருக்கிறார்கள். வடக்கே வாய்க்கால், தெற்கே பாதை என்று ஒரு வரி. எள்ளத்தனைப் பூச்சிக்கு மூன்று பக்கம் ஆகியிருந்தது, இன்னும் கால் வரவில்லை. நான் குறை சொல்லவில்லை. அந்த ஒரு வரியால் வந்த வழக்குகளை நினைத்தால் பூச்சிக்குச் செய்த மாதிரி நிலத்துக்கும் செய்திருக்கலாம்.

மூன்றாம் நாள் கிளம்பும்போது பேராசிரியர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. வெளி மனுஷர் வந்தால் பெரியவர் பேசுவார். தம்பி தள்ளி நிற்பான். நான் தள்ளித்தான் நின்றேன். பேராசிரியர் கையை ஆட்டி ஆட்டி மரத்தைக் காட்டினார். அண்ணன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அப்புறம் அண்ணனும் ஏதோ சொன்னார். பேராசிரியர் கும்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் போனதும் அண்ணன் சொன்னார், "தம்பி, மரத்தத் தொடக்கூடாதாம். இப்பக் கெடச்சதெல்லாம் பொட்டையாம். ஆண் பூச்சி கெடச்சாத்தான் எழுத்து முழுசாகுமாம். சாமி திரும்பி வந்து சொல்லுற வரைக்கும் மரம் அப்படியே கெடக்கோணும்."

"எப்ப வருவாருங்க?"

"வருவாரு. படிச்சவரு, சொன்னா வருவாரு."

அவ்வளவுதான் பேச்சு. ஆசாரி அன்றைக்குத் தீட்டின உளியோடு திரும்பிப் போனார்.

கார்த்திகை பிறந்தது. ஆசாரி மறுபடி வந்தார். அண்ணன் மறுபடி அனுப்பினார். மரத்தைச் சுற்றி முள் வெட்டிப் போட்டு வேலி கட்டினார். எங்கள் ஆடு, கோழி, நான், என் சம்சாரம் யாரும் கிட்டே போகக் கூடாது. ஊரிலிருந்து ஆட்கள் வந்து வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கட்டையைத் தவிர அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. ஆனாலும் வந்தார்கள். அண்ணன் காட்டுவார். "இதுக்குள்ளாறதான் இருக்குது. உலகத்துல வேற எங்கயும் இல்ல." ஒரு கிழவர், "அத ஏன் இன்னும் கொல்லாம வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். அண்ணன் அவருக்கு மோர் கொடுக்கவில்லை.

பூச்சிக்கு எங்கள் அப்பன் பெயரை வைக்கச் சொல்லப் போவதாகவும் அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் அப்பன் பூச்சி மருந்து விற்றவன்கூட இல்லை. நெல் விதைத்தவன்.

என் சம்சாரமும் நங்கையாவும் ஒரே உரலில் இடிப்பார்கள். உலக்கை மாறி மாறி விழும். பேச்சும் அப்படித்தான்.

"பூச்சிக்கெல்லாம் தனி ஊடு கெடச்சிருச்சு, அக்கா."

"பொறுமையா இருந்தா எல்லாத்துக்கும் கெடைக்கும், அம்மிணி."

"அது பொறுமையாவா இருந்துச்சு? தொளச்சுக்கிட்டுல்ல உள்ள போச்சு."

நங்கையா உலக்கையைக் கொஞ்சம் பலமாகப் போட்டாள்.

ராத்திரி என் சம்சாரம் என்னைக் கேட்டாள். "ஏனுங்க, நீங்க ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா?"

"அண்ணன் இருக்கறப்ப எப்படி?"

"அண்ணன் இல்லாதப்ப கேளுங்க."

அண்ணன் இல்லாத நேரம் என்று அந்த வீட்டில் ஒன்று இல்லை. அவள் கட்டிலைச் சுற்றிப் போய்ப் படுத்துக்கொண்டாள். நானும் படுத்தேன்.

கார்த்திகைக் கடைசி வாரம் ஜீப் வந்தது. புதன்கிழமை முகூர்த்தம். அதை விட்டால் நாள் இல்லை. ஜீப் வந்தது திங்கள்கிழமை. ஆசாரியும் அன்றைக்கு வந்திருந்தார், கடைசியாக ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகலாம் என்று.

பேராசிரியர் நேரே முன்னறைக்குப் போய் மைக்ராஸ்கோப்பைத் திறந்தார். அண்ணன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நங்கையா காபி கலந்து டம்ளரை எடுத்தாள். அப்போது என் சம்சாரம் அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கினாள். பிடுங்கவில்லை, வாங்கினாள். ஆனால் நங்கையா கொடுத்ததாகவும் சொல்ல முடியாது.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னறைக்குப் போய் மேஜையில் காபியை வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பவில்லை.

"ஏனுங்க சாமி, எங்க மரத்த எப்பங்க உடுவீங்க?"

பேராசிரியர் நிமிர்ந்தார். "எந்த மரம்?"

"வாசக்கால் மரமுங்க. நீங்க சொல்லுற வரைக்கும் தொடக்கூடாதுன்னு முள்ளுப் போட்டு வெச்சிருக்குதுங்க. நாளான்னைக்கு நெலவு வெக்காட்டி எனக்கு ஏழு பொறந்துருமுங்க."

"எனக்கு மரம் எதுக்கு?" என்றார் அவர். "பட்டை மதியே!"

மதி என்றால் போதும் என்று அர்த்தம். அது எங்களுக்கும் தெரியும்.

"பட்டையை உரிச்சுக் கொடுத்தா ஒரு சாக்கில போட்டுண்டு போயிடறேன், மரத்தை நீங்க வெச்சுக்கோங்கோன்னு அன்னிக்கே சொன்னேனே. வாசக்கால் மரத்துல பட்டையை உரிச்சு வெளி ஆளுக்குக் குடுக்க மாட்டா, வீட்டுச் சம்பிரதாயம், நானே வந்து இங்கேயே பார்த்துக்கணும்னு இவர்தானே சொன்னார்."

காபியிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

அண்ணன் இருமினார். "நான் பொதுவாச் சொன்னனுங்க."

வாசலில் நின்ற டிரைவர் சொன்னார், "பொதுவாயிட்டு ஒரு மாசம் போயி."

ஆசாரி உளியை எடுத்தார். நான் முள்ளை விலக்கப் போனேன். அப்போதுதான் அண்ணன் எழுந்து நின்றார்.

"மரத்த உரிக்கலாம். நான் வேண்டாங்கல. ஆனா இத்தன பூச்சி குடியிருந்த மரம் வாசலுக்கு ஆகுமான்னு பாக்க வேண்டாமா? மாட்ட வாங்கறதுக்கே சுழி பாக்கறம். நாளைக்குக் கொழந்த குட்டி போற வர வாசலு. என்ன ஆசாரி?"

ஆசாரி உளியைக் கீழே வைத்தார். சுழி என்று வந்துவிட்டால் எங்கள் பக்கம் யாரும் தட்டிப் பேச மாட்டார்கள். மாட்டின் உடம்பில் மயிர் சுழித்திருக்கிற இடத்தை வைத்துத்தான் அது குடும்பத்துக்கு ஆகுமா ஆகாதா என்பது. கோபுரச் சுழி இருந்தால் நல்லது. பாடைச் சுழி இருந்தால் ஓசியில் கொடுத்தாலும் வேண்டாம். நெற்றியில் மூன்று சுழி இருந்தால் முக்கண், அது வீட்டையே எரித்துவிடும் என்பார்கள். பொள்ளாச்சிச் சந்தையில் நான் சுழி பார்க்கிறவன் என்று எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு.

"சாமியே சொன்னாரு, நெத்தியில குழின்னு. குழியச் சுத்தி மயிரு. அப்ப சுழி இல்லாமயா இருக்கும்?" அண்ணன் மைக்ராஸ்கோப் பக்கம் குனிந்தார். "சாமி, ஒரு தடவ பாத்துக்கறனுங்க."

பேராசிரியர் அப்போது முற்றத்துப் பக்கம் திரும்பி, சாக்குக் கொண்டுவா என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணன் ஒரு கண்ணை மூடி, ஒரு கண்ணைக் குழாயில் வைத்து அழுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து மூச்சை இழுத்தார்.

"இருக்குது. கருகருன்னு வளஞ்சு நிக்குது. ஒண்ணு... ரெண்டு... மூணு. முக்கண்ணேதான்!"

நங்கையா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என் சம்சாரம் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஆசாரி போய்க் குனிந்தார். "எனக்கு அஞ்சாறு தெரியுதுங்ணா. தொடப்பம் மாதிரி இருக்குது." துடைப்பச் சுழி அதைவிட மோசம்.

டிரைவரும் சாக்கோடு வந்து பார்த்தார். "எனிக்கு ஒரு தென்னந்தோப்பு காணுது," என்றார்.

"நீ பாருடா தம்பி," என்றார் அண்ணன். "நீ சுழி தெரிஞ்சவன். நீ சொன்னா நான் ஒத்துக்கறேன்."

இது அவர் எனக்குக் கொடுத்த மரியாதை. இதற்கு முன்னால் அப்படிச் சொன்னதாக ஞாபகம் இல்லை. போய்க் குனிந்தேன். என் சம்சாரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது முதுகில் தெரிந்தது.

வெளிச்சமான ஒரு வட்டம். அதில் கறுப்பாக, அரிவாள் மாதிரி வளைந்து, கொஞ்சம் நின்றது. எத்தனை என்று எண்ணப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்து சிமிட்டினேன். எல்லாம் ஒன்றாக மேலே போய்க் கீழே வந்தது. இன்னொரு தடவை சிமிட்டினேன். இன்னொரு தடவை மேலே போய்க் கீழே வந்தது. எந்த மாட்டிலும் சுழி அப்படிப் போய் வந்து நான் பார்த்ததில்லை.

"இது சிமிட்டுதுங்க," என்றேன்.

"எது?" என்று பேராசிரியர் திரும்பினார். "என்ன பண்ணிண்டிருக்கேள் எல்லாரும்?"

"பூச்சிக்கு சுழி பாக்கறமுங்க," என்றார் அண்ணன்.

"பூச்சியா? அதுல ஒண்ணுமே வெக்கலையே நான்! பூச்சி பெட்டிக்குள்ளன்னா இருக்கு." அவர் கண்ணாடித் தட்டைத் தூக்கிக் காட்டினார். காலியாக இருந்தது. "குழாய்ல இப்படிக் கண்ணை அழுத்தினா அவாவா கண்ணிமை மயிர்தான் தெரியும். முதல் தடவை பாக்கறவா எல்லாருக்கும் அப்படித்தான். நானும் காலேஜ்ல அதைத்தான் முதல்ல படமா வரைஞ்சு கொடுத்தேன்."

டிரைவர் முதலில் சிரித்தார். பிறகு ஆசாரி. அவருக்குச் சிரிப்பு வந்தால் நிற்காது, தோள் குலுங்கும். அண்ணன் இமையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

என் சம்சாரம் அவரைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. மூத்தாரிடம் நேராகப் பேசுகிற வழக்கமில்லை. முற்றத்தில் மேய்ந்த கோழியைப் பார்த்துச் சொன்னாள், "அப்ப முக்கண்ணு மாமாவுக்குத்தானாட்ட இருக்குது."

கோழி தலையைத் தூக்கிப் பார்த்தது. நங்கையா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையற்கட்டுக்குள் போய்விட்டாள். அங்கேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அண்ணன் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார்.

பட்டையை உரித்தோம். ஆசாரி உளியை உள்ளே விட்டு நெம்புவார், நான் இழுப்பேன். உள்பக்கத்தில் பூரான் படுத்து எழுந்த மாதிரி தடம். நடுவில் ஒரு நீளக்கோடு, அதிலிருந்து இரண்டு பக்கமும் கால் கால். தாய்ப் பூச்சி போட்டது நடுக்கோடு, குஞ்சுகள் தின்றுகொண்டு போனது பக்கக்கோடு என்றார் பேராசிரியர். அவர் முழங்காலில் நின்று, சின்னப் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தள்ளிக் கண்ணாடிக் குப்பியில் விட்டார். ஆண் கிடைத்தது. பெண்ணைவிடச் சின்னது. நெற்றியில் மயிர் அடர்த்தி. அதைப் பார்த்ததும் பேராசிரியர் எழுந்து நின்றார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி மண்டியிட்டார்.

மரத்தில் பூச்சியின் தடம் நகக்கீறல் அளவுதான் இருந்தது. ஆசாரி இழைப்புளியை இரண்டு ஓட்டு ஓட்டினார். போய்விட்டது. உளியின் கட்டையால் தட்டிப் பார்த்தார். கணீரென்றது.

"ஒரு மாசம் காய்ஞ்சதும் நல்லதுக்குத்தானுங்க," என்றார். அது எனக்குச் சொன்ன ஆறுதல். காயாமல் இருந்திருந்தாலும் வேறு ஏதாவது நல்லது சொல்லியிருப்பார்.

அந்த எழுத்து அச்சாகி வர ஒன்றரை வருஷம் ஆனது. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேராசிரியர் ஒரு பிரதி அனுப்பினார். முழுதும் இங்கிலீஷ். பள்ளிக்கூட வாத்தியார் படித்துச் சொன்னார். பூச்சியின் நிறம், நீளம், முண்டு, மயிர், ஆணுக்கு ஒரு படம், பெண்ணுக்கு ஒரு படம். பெயர் எங்கள் அப்பன் பெயர் இல்லை. பேராசிரியருக்கு மேலே இருந்த அதிகாரி ஒருவரின் பெயர். ஜீப்புக்கு டீசல் கையெழுத்துப் போடுகிறவராம். அவர் அந்தப் பூச்சியைப் பார்த்ததில்லை என்று டிரைவர் பிறகு சொன்னார். பார்த்தாலும் தன் பெயர் வைத்தது எது என்று தெரிந்திருக்காது.

கடைசியில் நன்றி சொல்லி ஒரு பத்தி. அறிவியலுக்காகத் தம் மரத்தை ஒரு மாதம் தொடாமல் பாதுகாத்துக் கொடுத்த நிலக்கிழாருக்கு என்று அண்ணன் பெயர் போட்டிருந்தது. அண்ணன் அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டு முன்னறையில் மாட்டினார். நிலக்கிழார் என்கிற அந்த இங்கிலீஷ் வார்த்தை மட்டும் சட்டக்காரர்கள் கண்ணில் பட்டால் வம்பு என்று, அதன் மேல் ஒரு சாமி படத்தை ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார். பிற்பாடு வந்தவர்களுக்கெல்லாம் முதல் நாளே பட்டைக்குள் பூச்சி இருப்பதைத் தான் கண்டுபிடித்ததாகச் சொன்னார். நான் மறுக்கவில்லை. வேலி போட்டது அவர்தானே.

புதன்கிழமைக்கு வருகிறேன். ஆசாரி செவ்வாய் முழுக்க, ராத்திரியும் விளக்கு வைத்து, அறுத்து இழைத்து வாசக்காலைச் சேர்த்திருந்தார். விடிகாலையில் நிலவுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டினோம். பேராசிரியரும் இருந்தார். குழியில் நவதானியம் போடும்போது அவர் குனிந்து ஒரு பயறை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அதிலும் ஒரு ஓட்டை இருந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டார். தூக்குகிற நேரத்தில் ஒரு ஆள் குறைந்தது. அண்ணன் வந்து ஒரு பக்கம் பிடித்தார். யாரும் கூப்பிடவில்லை. நிலவு நின்றது.

சுவர் இல்லை, கூரை இல்லை. வெறும் வாசக்கால் மட்டும் வெட்டவெளியில் நின்றது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சுற்றிப் போகலாம். என் சம்சாரம் சுற்றிப் போகவில்லை. வலது காலை எடுத்து வைத்து அதன் வழியாகத்தான் போனாள். உள்ளே போய்க் கொஞ்ச நேரம் மண்ணில் நின்றாள். மறுபடியும் அதன் வழியாகவே வெளியே வந்தாள்.

தையில் சுவர் எழும்பியது. மாசியில் ஓடு போட்டோம். பங்குனியில் பிள்ளை பிறந்தது, பையன். தீட்டுக் கழிந்து பால் காய்ச்சினோம். அன்றைக்கு அந்த வாசலுக்கு உள்ளே படுத்தவர்கள் ஐந்து பேர்.